அறுவை வீதியும் வாடிப்பட்டிக் கடைத்தெருவும்

மதுரையினின்று திண்டுக்கல்லுக்குச் செல்லும் பெருவழியில் அமைந்த ஊர் வாடிப்பட்டி. அதன் கடைத்தெருவில் பெயர்ப்பலகைகளைப் படித்துக்கொண்டே நடக்கும் ஒருவர், தாம் நடப்பது தமிழ்நாட்டுத் தெருவிலோ பிறநாட்டுத் தெருவிலோ என ஐயுறுதல் கூடும். அவ்வையத்திற்குப் பெரும்பங்கு அளிப்பன துணிக்கடைகளே. ‘டெக்ஸ்டைல்ஸ்’, ‘சில்க்ஸ்’, ‘ரெடிமேட்ஸ்’, ‘சாரீஸ்’, ‘மென்ஸ் வேர்’! எழுத்துத் தமிழ், சொல் ஆங்கிலம். ஆங்கிலம் இன்னும் ஏறாத பழங்கடைகளில் ‘ஜவுளி’ வீற்றிருக்கிறது. அதுவும் தமிழன்று. ஆனால், அதே கடைகளின் முகப்பில் ஆடித்திங்களில் தொங்கும் தட்டிகளைப் பார்த்தால் வேறொரு காட்சி. ‘ஆடித் தள்ளுபடி’ என்றும் ‘பாதி விலை’ என்றும் கொட்டை எழுத்தில் நல்ல தமிழ் நகைக்கிறது. கடையின் பெயருக்கு ஆங்கிலம். கடையின் பிழைப்புக்குத் தமிழ்! வாங்குவோரைக் கூவி அழைக்கத் தமிழ் வேண்டும். வந்தவர் கண்முன் பெருமையாய் நிற்பதற்கு மட்டும் தமிழ் ஆகாது போலும்.

இஃது இவ்வூர்க்கு மட்டும் உரிய குற்றமன்று. சோழவந்தானிலும் உசிலம்பட்டியிலும் மேலூரிலும் இதே நிலைதான். எனினும் வாடிப்பட்டியை முன்னிறுத்துவதற்குத் தக்க காரணம் உண்டு. அதன் ஒருபுறம் துணி வாணிகத்தில் ஈராயிரம் ஆண்டுப் பெயர் பெற்ற மதுரை. மறுபுறம் சேலைக்குப் பெயர்போன சின்னாளப்பட்டி. இரண்டு துணியூர்களுக்கு நடுவில் இருந்துகொண்டு, துணிக்குத் தமிழிற் பெயர் இல்லாததுபோல் நடந்துகொள்வது வருந்தத்தக்கதன்றோ?

மதுரையில் அறுவை வாணிகம் எத்துணைப் பழமையது என்பதற்குப் பிறநாட்டார் வாய்ச்சான்று தேடவேண்டுவதில்லை. கழகப் புலவருள் ஒருவர் பெயரே மதுரை அறுவை வாணிகன் இளவேட்டனார் என்பது. அறுவையாவது துணி, அறுவை வாணிகன் துணி விற்பவன். இவர்தம் பாடல்கள் அகநானூறு, நற்றிணை, குறுந்தொகை, புறநானூறு என நான்கு தொகைநூல்களிலும் இடம்பெற்றுள்ளன. துணியை அளந்து கொடுத்த கையே அகப்பொருளையும் அளந்து பாடியது. அப்பாடல்களைத் தொகுத்த சான்றோர் அவர் தொழிலைப் பெயரினின்று நீக்கவில்லை; கடை நடத்துபவர் என்று சொன்னால் புலமைக்கு இழுக்கு வரும் என்று கருதவுமில்லை. அவர் தனியரும் அல்லர். மதுரைப் பண்டவாணிகன் இளந்தேவனார், உறையூர் இளம்பொன் வாணிகனார், மதுரைக் கூலவாணிகன் சாத்தனார் என வாணிகப் புலவர் நிரையே ஒன்றுண்டு. வாணிகமும் தமிழும் ஒரே திண்ணையில் அமர்ந்திருந்த காலம் அது. இன்று துணிக்கடைக்காரர் ஒருவர் தம் கடைக்குத் தமிழ்ப்பெயர் இட்டாலே, ‘அவர் தமிழ்ப்பற்றாளர் போலும்’ என்று வியந்து பேசும் நிலை வந்துவிட்டது. தம் தாய்மொழியில் பெயர் வைப்பது வியப்புக்குரிய செயலாகிவிட்டது தமிழ்நாட்டில் மட்டுமே.

துணியைக் குறிக்கும் சொற்களைச் சற்றே உற்றுநோக்குதல் வேண்டும். அறுக்கப்படுவது அறுவை. துணிக்கப்படுவது துணி. துண்டிக்கப்படுவது துண்டு. கூறு செய்யப்படுவது கூறை. வெட்டப்படுவது வேட்டி என்று மொழிஞாயிறு பாவாணர் காட்டினார். இவையனைத்தும் வெட்டுதற் கருத்தில் பிறந்த சொற்கள். நெய்தலைச் சுட்டாமல் வெட்டுதலைச் சுட்டி ஏன் பெயரிட்டனர்? தறியிலிருந்து வருவது நீண்ட ஒரே பாவு. அது தறியினின்று அறுக்கப்பட்டு, பின் கடையில் வாங்குவோர் தேவைக்கேற்ப மீண்டும் அறுக்கப்படும்போதுதான் ஒருவர்க்கு உரிய உடையாகிறது. எனவே, தமிழன் துணிக்கு இட்ட பெயர்களிலேயே நெசவாளன் கையும் வாணிகன் கையும் சேர்ந்து பதிந்துள்ளன. ‘மடி’ என்ற சொல்லும் அத்தகையதே. மடித்து வைக்கப்படுவது மடி. விரிப்பதும் மடிப்பதுமாகவே கழியும் துணிக்கடைக்காரரின் நாள்முழுவதும் அவ்வொரு சொல்லில் அடங்கிக் கிடக்கிறது.

அறுவை என்ற சொல்லைக் கேட்டவுடன் இன்றைய இளைஞர் சிரிப்பர். சலிப்பூட்டும் பேச்சுக்கு அவர்கள் அதைப் பெயராக்கிவிட்டனர். மருத்துவமனையிலோ அச்சொல் கத்தியை நினைவூட்டுகிறது. ஈராயிரம் ஆண்டு உடுத்திய சொல் இப்படிப் பொருள்மாறிப் போனதற்கு இளைஞர்மேல் குறை சொல்லிப் பயனில்லை. கடைத்தெருவில் வழங்காத சொல் வேறெங்கேனும் போய்த்தான் ஒதுங்கும்.

பொருநராற்றுப்படையும் சிறுபாணாற்றுப்படையும் அறுவையின் மென்மையைச் சொல்லும்போது ஒன்று பாம்பு உரித்த சட்டையையும் மற்றொன்று மூங்கிலின் உள்தோலையும் உவமை காட்டுகின்றன. பெரும்பாணாற்றுப்படைக்கு நூல்நுண்மை ஆவிபோலத் தோன்றுகிறது. இவ்வுவமைகளைச் சொன்னவர்கள் அத்தகைய துணியைக் கையால் தொட்டுப் பார்த்தவர்கள் என்பதில் ஐயமில்லை. மதுரைக்காஞ்சி காட்டும் கடைவீதியில், குட்டையும் நெட்டையுமான மடிகளை விரித்துக் காட்டுவோர் இருக்கின்றனர். விரிந்த துணியின் வரிகள் ஆற்றுமணலில் நீர் வரைந்த அலைவரிபோல் தோன்றுகின்றன. விளக்குத்தூணை அடுத்த கடைகளில் இன்றும் ஒரு சேலைக்கு முப்பது சேலை விரித்துப்போடும் பணியாளர் அவர்தம் வழித்தோன்றலே. சிலப்பதிகாரத்து ஊர்காண் காதையில் கோவலன் மதுரையின் அறுவை வீதியைக் காண்கிறான். பருத்தியாலும் மயிராலும் பட்டாலும் நெய்த, நறுமணம் ஊட்டிய மடிகள் அங்கே நூற்றுக்கணக்கான அடுக்குகளாய்க் குவிந்திருக்கின்றன. அதற்கு உரை வகுத்த அடியார்க்குநல்லார் முப்பத்தாறு வகைத் துணிகளைப் பெயர் சொல்லி அடுக்குகிறார். வண்ணடை, கவற்றுமடி, நூல்யாப்பு, பொன்னெழுத்து, வெண்பொத்தி, செம்பொத்தி என அப்பெயர்களைப் படிக்கும்போதே கண்முன் ஒரு கடை விரிகிறது. இவற்றுட் பல எத்தகைய துணி என்று இன்று சொல்வார் இல்லை. துணி போயிற்று, பெயர் ஏட்டில் நிற்கிறது.

அப்பட்டியலில் தேவகிரி, குச்சரி என்றும் இருபெயர் உள. முன்னது தக்காணத்துத் தேவகிரியிலிருந்தும், பின்னது கூர்ச்சர நாட்டிலிருந்தும் வந்த துணிகள். தமிழ்வாணிகன் தன்னாட்டுத் துணியை மட்டுமே விற்றான் என்று எவரும் கூறவில்லை. வடக்கிலிருந்து வந்ததையும் விற்றான். ஆனால், தமிழ்ப் பலகைக்குக்கீழ் அமர்ந்து விற்றான். பொருள் எங்கிருந்து வந்ததாயினும் விற்பவன் நாக்குத் தன்னதாய் இருந்தது.

வந்தவர்களும் அம்முறைக்கு இசைந்தே வாழ்ந்தனர். கூர்ச்சரத்துச் சௌராட்டிரப் பகுதியினின்று பல நூற்றாண்டுகட்கு முன் புறப்பட்டு, நாயக்கராட்சியில் மதுரைத் திருமலை நாயக்கர் அரண்மனையைச் சுற்றிக் குடியமர்ந்த நெசவாளர் வீட்டில் தம் மொழியைப் பேசினர், இன்றும் பேசுகின்றனர். ஆயினும் தொழிற்பெயராகப் ‘பட்டுநூற்காரர்’ என்ற தமிழ்ப்பெயரே அவர்க்கு நிலைத்தது. அவர்தம் கைவண்ணமான மதுரைச் சுங்குடிக்கு 2005ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு கிடைத்தது. துணியை நுணுக்கமாய்ச் சுருக்கி நூலால் கட்டி, சாயத்தில் தோய்த்துப் பின் அவிழ்க்கும்போது ஒவ்வொரு முடிச்சும் ஒரு வெண்புள்ளியாய் மலர்வது அச்சேலை. ஆயிரக்கணக்கான முடிச்சுகளைப் பெண்கள் வீட்டிலிருந்தபடியே கட்டுவர். தொலைவிலிருந்து வந்தவர் தமிழ்ப்பெயர் ஏற்றுத் தொழில் செய்தனர். இம்மண்ணிலேயே பிறந்தவர் தம் கடைக்கு ஆங்கிலப்பெயர் சூட்டுகின்றனர்.

இலக்கியச் சான்று கற்பனையென்று தள்ளுவார்க்கு மண்ணுக்கடியிலும் சான்று உண்டு. மதுரைக்குத் தென்கிழக்கே ஏறத்தாழப் பன்னிரண்டு கிலோமீட்டர் தொலைவிலுள்ள கீழடியில் 2015 முதல் நடந்த அகழாய்வுகளில் நூல் நூற்கும் தக்களிகளும், நெசவிற்குப் பயன்பட்ட எலும்பாலாகிய கூர்முனைக் கருவிகளும் கிடைத்தன. அங்குக் கிடைத்த பொருளொன்றின் காலம் கி.மு. 580 என ஆய்வகம் கணித்தது. அரிக்கமேட்டில் 1945இல் அகழ்ந்தபோது வெளிப்பட்ட செங்கல் தொட்டிகளைத் துணிக்குச் சாயம் தோய்த்த தொட்டிகள் என ஆய்வாளர் கொண்டனர். உறையூரிலும் அத்தகைய தொட்டி கிடைத்தது. கௌடிலியரின் பொருள்நூல் சிறந்த பருத்தித்துணி விளையும் இடங்களை அடுக்கும்போது மாதுரம் என்பதை முதலில் வைக்கிறது. அது தென்மதுரையே என்பது ஆய்வாளர் பலர் கருத்து. கி.பி. முதல் நூற்றாண்டில் கிரேக்க மாலுமி ஒருவர் எழுதிய செங்கடற் செலவு நூலில் உறையூரின் மெல்லிய துணி தனிப்பெயர் பெற்று நிற்கிறது. இத்தனைக்கும் அடிப்படை நூற்கும் பெண்ணின் கை. இரவில் எழுந்து சிறுவிளக்கை ஏற்றிப் பஞ்சின் குப்பையைத் தட்டும் பெண்ணொருத்தி புறநானூற்றில் வருகிறாள். நூல், பனுவல் என்று இழைக்கு இட்ட பெயரையே ஏட்டுக்கும் இட்டவர் தமிழர் என்பதைப் பள்ளிப்பிள்ளைகளும் அறிவர். ஆயினும் அப்பெண்ணை எவரும் நினைப்பதில்லை.

கடல்வழி வந்த வெள்ளையர் முதலில் நாடு பிடிக்க வரவில்லை. துணி பிடிக்கவே வந்தனர். சாதிக்காயும் கிராம்பும் விளைந்த கீழைத்தீவுகளில் சோழமண்டலக் கரைத்துணியே பணம்போல் செல்லுபடியாயிற்று. அதனாலன்றோ ஒல்லாந்தர் 1610இல் பழவேற்காட்டில் கால்வைத்தனர்? 1639இல் ஆங்கிலக் குழுவின் பிரான்சிசு டே மணல்மேட்டைத் தேர்ந்து சென்னையில் கோட்டைக்கு இடம் பெற்றபோது, அவர் எடுத்துச்சொன்ன காரணங்களுள் தலையாயது அங்குத் துணி மலிவாய்க் கிடைக்கும் என்பதே. 1734இல் நெசவாளரையும் நூற்போரையும் குடியமர்த்திச் சென்னையில் ஒரு பேட்டையே அமைத்தனர். சின்னத்தறிப்பேட்டை என்ற அழகிய பெயர் சிந்தாதிரிப்பேட்டையாய்ச் சிதைந்து நிற்கிறது. அவ்வூரார் பலர்க்கே தம் ஊர்ப்பெயருக்குள் தறி ஓடிக்கொண்டிருப்பது தெரியாது. இந்நாட்டுக் கரையில் நெய்த துணியைக் கொடுத்து ஆப்பிரிக்க மாந்தரை விலைக்கு வாங்கிய கொடுமையும் அக்காலத்தில் நடந்தது. நெய்தவனுக்கு அது தெரியாது. விற்ற தரகனுக்கு ஒருவேளை தெரிந்திருக்கலாம்.

அவ்வாறு கொண்டுசென்ற துணியைக் கண்டு இங்கிலாந்தின் நெசவாளர் அஞ்சினர். அந்நாட்டு மன்றம் 1700இலும் 1721இலும் சட்டம் இயற்றி இந்தியப் பருத்தித்துணியை விலக்கித் தன் நெசவைக் காத்துக்கொண்டது. தன் வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்ட அதே நாடு, நீராவித்தறி கைக்கு வந்தவுடன் பிறர் வீட்டுக் கதவை உடைத்தது. 19ஆம் நூற்றாண்டில் இலங்காசயர் ஆலைநூலும் ஆலைத்துணியும் கப்பல் கப்பலாய் வந்திறங்கின. 1875இல் மதுரைக்குத் தொடர்வண்டி வந்தது. மூட்டைத்துணி சிற்றூர்ச் சந்தைகளுக்கு எளிதாய்ப் பாய்ந்தது. மதுரையின் செஞ்சாயத் துணிக்கு உயிரான சாயவேரை, 1869இல் செருமானியரும் ஆங்கிலரும் ஆய்வகத்தில் கண்ட செயற்கைச் சிவப்பு அழித்தது. 1892இல் ஆர்வி உடன்பிறந்தார் மதுரையில் நூலாலை நிறுவினர். தறியில் இருந்தவர் ஆலைக்குக் கூலியாய்ப் போயினர்.

1921ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 22ஆம் நாள் மதுரை மேலமாசி வீதியில் ஒரு மாடிவீட்டிலிருந்து காந்தியடிகள் அரையாடையுடன் வெளிவந்த செய்தியை அறியாதார் இலர். ஆயினும் அந்நிகழ்ச்சியின் உட்கிடை ஒரு துணிக்கடைக் கணக்கு என்பதை எண்ணிப் பார்ப்போர் சிலரே. அயல்நாட்டுத் துணியைக் களைக என்று அவர் சொன்னார். கதர் வாங்கக் காசில்லை என்பதே ஏழை மக்களின் நிலை. அவ்வேழையின் விலைக்கு எட்டும் அளவு துணியே தமக்கும் போதும் என்று அவர் தம் உடையைக் குறைத்துக்கொண்டார். துணியின் விலையை இவ்வளவு நேராக எதிர்கொண்ட தலைவர் வேறொருவர் இலர். காசு இருந்தும் உடுக்க உரிமை இல்லாதார் நிலை இன்னும் கொடியது. தோள்சீலை அணியும் உரிமைக்காகத் திருவிதாங்கூர்ப் பெண்கள் அடியும் உதையும் பட்டுப் போராடி 1859இல் அரசாணை பெற்றனர். துணிக்கடைக்காரன் எவர்க்கும் விற்றான். உடுத்தி நடக்க ஊர் விடவில்லை. பழங்காலம் முழுவதும் பொற்காலம் என்று பாடித்திரிவார் இதனையும் சேர்த்துப் பாடுதல் வேண்டும்.

பிறர் கைக்கு வாணிகம் மாறியபோது சொற்களும் மாறின. முழக்கோல் போயிற்று, பாரசீகத்துக் ‘கஜம்’ வந்தது. நெடுந்துணிச் சுருள் ‘தான்’ ஆயிற்று. அறுத்த துண்டு ‘பீஸ்’ ஆயிற்று. ஆங்கிலத்திலிருந்து வந்த ‘பனியன்’ என்ற சொல்லின் கதை வேடிக்கையானது. கூர்ச்சர வணிகரைக் குறித்த பெயரைப் போர்த்துகீசியரும் ஆங்கிலரும் தம் நாவுக்கேற்பத் திரித்து, அவ்வணிகர் உடுத்திய மேலாடைக்குப் பெயராக்கினர். வணிகன் பெயரே இன்று உள்ளாடையாகி வணிகன் கடையிலேயே விற்கப்படுகிறது! ஆனால் எல்லாம் தோற்றுவிடவில்லை. 1956ஆம் ஆண்டின் அளவைச் சட்டம் நாட்டை மீட்டர்க்கணக்குக்கு மாற்றியது. சட்டைத்துணி மீட்டரில் அளக்கப்படுகிறது. வேட்டியோ இன்றும் எட்டு முழம், நான்கு முழம் என்றே கேட்டு வாங்கப்படுகிறது. அச்சட்டத்தால் முழத்தை வேட்டியினின்று பிரிக்க இயலவில்லை. வாடிப்பட்டிச் சுற்றுப்புறத்து உழவர் வீட்டுப் பெண்கள் எவரும் ‘டெக்ஸ்டைல்ஸ் போகிறோம்’ என்பதில்லை. ‘துணி எடுக்கப் போகிறோம்’ என்றே சொல்கின்றனர். அரிசி வாங்குவர், எண்ணெய் வாங்குவர், துணியை மட்டும் எடுப்பர். பலவற்றுள் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் செயலை எவ்வளவு நுட்பமாக அவ்வொரு வினைச்சொல் சுட்டுகிறது! கோடி உடுத்தல், கூறை எடுத்தல், தாய்மாமன் சீர்ச்சேலை என்று வாழ்வின் திருப்பந்தோறும் துணியைச் சுற்றித் தமிழ் இன்னும் உயிரோடிருக்கிறது. நெசவாளரும் பாவு, ஊடை, தார், அச்சு, குழித்தறி என்றே பேசுகின்றனர். நெய்பவன் தமிழ் பேசுகிறான்; உடுப்பவள் தமிழ் பேசுகிறாள். இருவர்க்கும் இடையில் நிற்கும் பலகை மட்டுமே வேற்றுமொழி பேசுகிறது.

பழைய துணிக்கடையின் அமைப்பு இன்றைய இளைஞர் பலர்க்குத் தெரியாது. தெருவினின்று சற்றே உயர்ந்த மேடை. அதன்மேல் வெள்ளை விரிப்பு. வாங்க வந்தவர் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறி அமர்வர். கடைக்காரரும் அமர்ந்திருப்பார். துணி இருவர்க்கும் நடுவே விரியும். இன்னார் மகளுக்குத் திருமணம், இன்னார் வீட்டில் காதணி விழா என்பது கடைக்காரர்க்கு முன்பே தெரியும். பெரியாற்றுக் கால்வாய்ப் பாசன ஊர்களில் நெல் அறுவடை முடிந்தபின் தருவதாகச் சொல்லிக் கடனுக்குத் துணி எடுப்பது வழக்கமாயிருந்தது. கொள்முதல், பற்று, வரவு, பேரேடு, ஐந்தொகை எனக் கணக்கு முழுவதும் தமிழில் நடந்தது. இன்றைய கணக்கியல் நூல்கள் அச்சொற்களைத்தாம் எடுத்தாள்கின்றன, கடைகளோ கைவிட்டுவிட்டன. கடன் கொடுத்தவர் எல்லாரும் அறவோர் அல்லர். வட்டியை விலையில் ஏற்றி, அளவில் விரலளவு குறைத்தவரும் இருந்தனர். ஆயினும் முகம் தெரிந்த வாணிகனிடம் முகத்துக்கு நேராகச் சண்டையிட முடிந்தது.

இன்று பல மாடிக் கடைகள் நகரங்களில் எழுந்துவிட்டன. திருமணத்துணி எடுக்க வாடிப்பட்டியினின்று மதுரைக்குப் பேருந்தேறிச் செல்கின்றனர். கைப்பேசியிலேயே எடுப்போரும் உளர். சூரத்து ஆலைகளின் பாலியெசுடர்ச் சேலை வாரச்சந்தை வரை வந்துவிட்டது. கையால் முடிச்சிட்ட சுங்குடியின் புள்ளியை அச்சுப்பொறி நொடியில் பொரித்துத் தள்ளுகிறது. அதை வாங்கி உடுத்தும் பெண் அதனைச் சுங்குடி என்றே நம்புகிறாள். புதுமண்டபத்தில், திருமலை நாயக்கர் கட்டிய கற்றூண்களுக்கு இடையே, தலைமுறை தலைமுறையாய்த் தையற்பொறி ஓட்டிய தையற்காரர்களும் 2020ஐ அடுத்த ஆண்டுகளில் குன்னத்தூர்ச் சத்திரத்துப் புதுக்கட்டடத்திற்கு இடம்பெயர்ந்தனர். மண்டபத்தின் சிற்பங்கள் காக்கப்படவேண்டியவையே. அதில் கருத்து வேறுபாடு இல்லை. ஆயினும் துணி எடுத்த கையோடு சட்டைக்கு அளவு கொடுக்கும் பழைய நகரமுறை ஒன்று அத்துடன் குலைந்தது.

பெருங்கடைகளில் துணி விரித்துப் போடுவோர் பெரும்பாலும் சிற்றூர்களிலிருந்து வந்த இளம்பெண்கள். காலையில் நின்றால் கடை மூடும்வரை நிற்றல் வேண்டும் என்பதே நெடுங்கால வழக்கம். காலில் நரம்பு புடைத்தாலும், மாதநோவு வந்தாலும் சுவரில் சாயவும் கூடாது. 2021இல் தமிழ்நாடு அரசு கடைகள், நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்திப் பணியாளர்க்கு இருக்கை அளித்தல் வேண்டும் என்று விதித்த பிறகே, உட்காருவதற்கும் ஒரு சட்டம் வேண்டியிருந்தது என்பது பலர்க்குப் புரிந்தது. அன்று விற்பவனும் வாங்குபவனும் சேர்ந்தே அமர்ந்திருந்தனர். இன்று வாங்குபவர்க்கு மெத்தை நாற்காலி, விற்பவளுக்கு ஒரு முக்காலிக்கும் சட்டம் தேவைப்பட்டது. அச்சட்டம் ஏட்டளவில் நிற்கும் கடைகள் எத்தனை என்பதைத் தொழிலாளர் துறை ஆய்வர்கள் நேரில் சென்று பார்த்தல் வேண்டும்.

துணிக்கடையும் தறியும் பிரிந்துபோனால் இருவர்க்கும் கேடு என்பதை இந்நாடு ஒருமுறை கண்கூடாகக் கண்டது. கைத்தறித்துணி தேங்கி நெசவாளர் கஞ்சித்தொட்டிக்குக் காத்துநின்ற காலத்தில், 1953இல், அறிஞர் அண்ணா முதலானோர் துணியைத் தோளில் சுமந்து தெருத்தெருவாய் விற்றனர். புலவர் ஒருவர் அறுவை வாணிகராய் இருந்த நாட்டில், எழுத்தாளர் ஒருவர் அறுவை வாணிகரானார்! 1935இல் தொடங்கிய கூட்டுறவுக் கைத்தறி விற்பனையகம் இன்றும் நடக்கிறது. அதன் பெயரை மட்டும் ‘கோ-ஆப்டெக்ஸ்’ என்று ஆங்கிலத்தில் வைத்துக்கொண்டு, தனியார் கடைகளுக்குத் தமிழ்ப்பெயர் வேண்டும் என்று அரசு சொன்னால் யார் கேட்பர்? 1985இல் நடுவணரசு இயற்றிய சட்டம் சில துணிவகைகளைக் கைத்தறிக்கே உரியன என ஒதுக்கியது. தொடக்கத்தில் 22 வகைகள். பின்னர் 11 வகைகளாய்ச் சுருங்கிற்று. செல்லூரின் தறி ஓசையும் அவ்வாறே சுருங்கி வருகிறது.

பெயர்ப்பலகைக்கும் சட்டம் இல்லாமலில்லை. 1948ஆம் ஆண்டின் கடைகள், நிறுவனங்கள் விதிகளுள் 15ஆம் விதி பெயர்ப்பலகை தமிழில் இருத்தல் வேண்டும் என்கிறது. பிற மொழிகளும் இடம்பெறின் தமிழுக்கு ஐந்து பங்கு, ஆங்கிலத்திற்கு மூன்று பங்கு, பிற மொழிக்கு இரண்டு பங்கு என்பது முறை. ‘டெக்ஸ்டைல்ஸ்’ என்று தமிழெழுத்தில் எழுதிவிட்டு, விதியை நிறைவேற்றியதாய்க் காட்டுவது விதியை எழுதியவரையே நகையாடும் செயல். மீறினால் தண்டம் உண்டு, அதுவும் மிகச்சிறிது.

வாடிப்பட்டித் துணிவாணிகர் செய்யவேண்டுவது பெருஞ்செலவுடையதன்று. ‘அறுவையகம்’ என்று எழுதினால் சிரிப்பார்கள் என்று அஞ்சுவோர் ‘துணிக்கடை’ என்று எழுதட்டும். ‘ஆடையகம்’, ‘பட்டு மாளிகை’, ‘சேலையகம்’ என எத்தனையோ உள. ‘ஆடித் தள்ளுபடி’ என்று எழுதிய கைக்கு இவை அரியன அல்ல. விலைச்சீட்டைத் தமிழில் தரலாம். சின்னாளப்பட்டியில் நெய்ததா, செல்லூரில் நெய்ததா, சூரத்தில் அச்சிட்டதா என்பதை ஒவ்வொரு சேலையின் மேலும் ஒரு சிறு சீட்டில் எழுதிவைக்கலாம். வாங்குபவள் அறிந்து எடுக்கட்டும். கடையில் நிற்கும் பெண்ணுக்கு ஒரு முக்காலி வாங்கிப் போடலாம். இவற்றையெல்லாம் வரும் ஆடிக்குமுன் செய்து முடிக்கப் பலகை எழுதும் ஓவியரும் தச்சரும் அதே கடைத்தெருவில் இருக்கின்றனர். ஓவியர் எழுத்துக் கணக்கில் கூலி கேட்பவராயின், துணிக்கடைக்கு ஐந்தெழுத்து, டெக்ஸ்டைல்ஸுக்கு ஆறெழுத்து.